இரண்டு கோட் கறுப்பு பெயின்ட்

பெயின்ட் என்றால் இரண்டு கோட் அடிக்க வேண்டும். ஒரு கோட்டோடு பிரஷ்ஷைக் கழுவி வைக்கிறவனை நான் வேலைக்காரன் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் காவல் சாவடிக்கு வந்தபோது நாய்க்கூண்டைப் பார்த்திருப்பீர்கள். ஒன்பது வருஷம் ஆகிறது, இன்னும் உரியவில்லை. அது நான் அடித்தது.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பெயர் சாவேலி குஸ்மிச் ஓபுகோவ். வயது ஐம்பத்தெட்டு. காமா ஆற்று ரயில் பாலத்தின் காவல் பிரிவில் ஆயுத அறைப் பொறுப்பாளர். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நீங்கள் கொடுத்த டீயில் சர்க்கரை போதவில்லை, அது ஒன்றுதான் குறை. நானாகத்தான் வந்தேன். ஏனென்றால் அடுத்த அறையில் என் மனைவி கிளாஃபிராவை உட்கார வைத்திருக்கிறீர்கள். புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காவலர்கள் பதினாலு பேரும் ஒரேயடியாக விழுந்துவிட்டார்கள், பாலம் இரண்டு மணி நேரம் காவலில்லாமல் கிடந்தது, சமைத்தவள் அவள், ஆகவே செய்தவளும் அவள் என்கிறீர்கள். நாசவேலை என்று ஒரு வார்த்தையும் காதில் விழுந்தது. அந்த வார்த்தைக்கு எத்தனை வருஷம் உள்ளே தள்ளுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் செய்யவில்லை. செய்தது நான். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், சாயங்காலத்துக்குள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வெள்ளரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எங்களிடம் இருப்பவை குட்டைத் துப்பாக்கிகள். ராணுவத்தில் டாங்கிக்காரர்களுக்கும் டிரைவர்களுக்கும் கொடுப்பார்களே, அதேதான். கலாஷ்னிகோவைக் கொதிக்கிற தண்ணீரில் துவைத்துக் காயப்போட்ட மாதிரி சுருங்கியிருக்கும். ராணுவத்தில் அதற்கு க்ஸ்யூஷா என்று பெண்பிள்ளைப் பேர். சத்தம் அதிகம், நெருப்பு அதிகம், குறி மட்டும் கொஞ்சம் கம்மி. எங்கள் காவலர்களில் ரிம்மா என்று ஒருத்தி இருக்கிறாள், முன்பு ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவள், வாய் அங்கேயே பழகியது. "நூறு மீட்டருக்கு அந்தாண்ட க்ஸ்யூஷா யாரையும் கொல்லாது, செவிடாக்கும், அவ்வளவுதான்" என்பாள்.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து பதினாலு குறிக்கண்ணாடி அனுப்பினார்கள். உள்ளே பார்த்தால் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும், புள்ளி எங்கேயோ குண்டு அங்கே. நல்ல சாமான். ஆனால் அதை நேராகத் துப்பாக்கியில் மாட்ட முடியாது. இடது பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டை உண்டு, அதில் ஒரு பிராக்கெட்டைப் பின்பக்கமிருந்து தள்ளி, சின்ன நெம்புகோலைத் திருப்பி இறுக்க வேண்டும். பிராக்கெட்டின் தலையில் கண்ணாடி உட்காரும். பட்டைக்குப் பட்டை மயிரளவு வித்தியாசம் இருக்கும், அதனால் ஒவ்வொரு பிராக்கெட்டையும் அதனதன் துப்பாக்கிக்கு இறுக்கம் பார்த்து, சுட்டுப் பார்த்து, திருத்தி வைப்பார்கள். அதன் பிறகு மாற்றி மாட்டக் கூடாது. ஒருத்தர் பல்செட்டை இன்னொருத்தர் போட்டுக்கொள்வதில்லையே, அப்படி.

நகரத்திலிருந்து வந்த மெக்கானிக் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்து, ஒன்றிலிருந்து பதினாலு வரை எண் போட்டுவிட்டுப் போனான். அந்த எண்ணை அவன் பொறித்திருக்கலாம். வெள்ளை பெயின்ட்டில் எழுதிவிட்டுப் போனான். இதைக் கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். குற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது, என்னிடம் இல்லை.

அடுத்த மாதம் மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. எங்கள் கமாண்டர் தீகோன் வலெரியானொவிச் நல்ல மனிதர், ஆனால் பார்வையிடல் என்றால் ஆளே மாறிவிடுவார். "எல்லாம் பளபளன்னு இருக்கணும் சாவேலி! கண்ணு கூசணும்!" என்றார். பூப்பாத்தியின் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தோம். காய்ந்த புல்லுக்குப் பச்சை அடித்தோம். நாய்க்கூண்டை முடித்தபோது டப்பாவில் கறுப்பு பெயின்ட் மீதி இருந்தது. நல்ல பெயின்ட்டை வீணாக்க எனக்கு மனசு வராது. பிராக்கெட்டுகளைக் கழற்றி, சமையலறை மேஜையில் செய்தித்தாள் விரித்து, ஒன்று முதல் பதினாலு வரை வரிசையாக அடுக்கி, பதினாலுக்கும் இரண்டு கோட் அடித்தேன். எண்கள் மறைந்துபோனது உண்மை. ஆனால் வரிசை இருக்கிறதே என்று தைரியமாகக் காயவிட்டு, கொடிக்கம்பம் அடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் மேஜையில் கிளாஃபிரா மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். பிராக்கெட்டுகள் எனாமல் பேசினில் குவியலாகக் கிடந்தன.

"எங்கடி என் வரிசை?"

"என்ன வரிசை? பெல்மெனிக்கு மாவு தேய்ச்சுக் கறி வச்சு மடிக்க எனக்கு மேஜை வேணும். உன் இரும்பெல்லாம் பத்திரமா இருக்கு, ஒண்ணும் தொலையல. எண்ணிப் பாரு" என்றாள்.

எண்ணிப் பார்த்தேன். பதினாலு சரியாக இருந்தது.

நான் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாண வாழ்க்கையில் நான் பெருந்தன்மை காட்டிய இடங்களில் இதுவும் ஒன்று. பெயின்ட்டைக் கரைத்தால் எண் தெரியும் என்று ஒன்றை அசிட்டோனால் துடைத்தேன். கறுப்பு போனது, கூடவே வெள்ளையும் போனது. மற்ற பதின்மூன்றையும் தொடாமல், கைக்கு வந்ததைக் கைக்கு வந்த துப்பாக்கியில் மாட்டினேன். பார்வையிட வந்தவர் ஆயுத அறையில் நின்று, "இங்கே ஓர் உழைப்பாளி இருக்கிறான்" என்றார். அவர் சொன்னதை நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

ஏன் அப்போதே உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். என் பேரில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. சுண்ணாம்பு அடித்த கற்களின் வரிசையில் கமாண்டரின் பூட்ஸும் நின்றது ஒன்று, பச்சை அடித்த புல்லை அவர் வீட்டு ஆடு தின்றது இன்னொன்று. மூன்றாவது கடிதம் என்றால் வேலை போய்விடும். எங்கள் ஊரில் மர ஆலை மூடிய பிறகு, பாலத்தை விட்டால் காட்டில் காளான் பொறுக்கத்தான் வேண்டும்.

ஜூனில் முதல் பயிற்சி. பதினாலு பேர், ஆளுக்குப் பத்துக் குண்டு, நூறு மீட்டர். நூற்றுநாற்பது குண்டும் சுட்டு முடித்துப் போய்ப் பார்த்தால், எல்லாத் தாளிலுமாகச் சேர்த்து ஒரே ஓர் ஓட்டை இருந்தது. அது ரிம்மாவின் குண்டு, கமாண்டரின் தாளில். பெயின்ட் தேயத் தேயக் கண்ணாடிகள் ஆட்டம் வேறு கண்டிருந்தன. காற்றின் மேல் பழியைப் போட்டோம்.

அந்த வாரமே கடிதம் வந்தது. வருஷாந்திரத் தேர்வில் சராசரி நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே போகிற பாலங்களில் காவலை எடுத்துவிட்டுக் கேமரா வைக்கப்போகிறார்களாம். குறிக்கண்ணாடி வாங்கிக் கொடுத்திருப்பதால் அதை வைத்துத்தான் சுட வேண்டுமாம். ரிம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, காளான் கூடை என்ன விலை என்று கேட்டாள். அவளுக்கு இரண்டு குழந்தைகள், புருஷன் எங்கேயோ.

அப்போது கிளாஃபிரா எனக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறக் கம்பளி, ஒரு கை முடிந்திருந்தது. அவளுடைய ஊசி ஐந்தரை மில்லிமீட்டர். எங்கள் குண்டு அதைவிட ஒரு நூலளவு கம்மி. அளந்து பார்த்தேன், எதையும் அளக்காமல் செய்கிறவன் இல்லை நான். ஜோடியில் ஒன்றை எடுத்து பூட்ஸுக்குள் செருகிக்கொண்டேன். ஊசி காணவில்லை என்று அவள் தேடவும் இல்லை, கேட்கவும் இல்லை. கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஸ்வெட்டர் அதோடு நின்றுபோனது. ஒற்றைக் கையோடு இன்னும் அலமாரியில் இருக்கிறது.

முறை மிகவும் எளிது. குண்டு பட்ட தாள்களை மண்மேட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்து வருவது என் பொறுப்பு. அங்கே ஒரு பள்ளம் உண்டு, அதில் உட்கார்ந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. மதிப்பெண் போட வருகிற பான்க்ராத் இல்யிச்சுக்குக் கொசு ஆகாது, அவர் சமையலறையில் கோஸ் பணியாரத்தோடு உட்கார்ந்திருப்பார். ஊசி நுனியில் பூட் பாலிஷ் தடவிக் குத்தினால் ஓட்டையைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும், நிஜக் குண்டு போலவே. பதின்மூன்று தாள், நூற்றுமுப்பது ஓட்டை, ஒன்பது நிமிஷம். அந்த வருஷச் சராசரி எழுபத்திரண்டு. பதினாலு குடும்பம் அந்த ஊசியில் சாப்பிட்டது.

பதின்மூன்று என்றேன், கவனித்தீர்களா. பதினாலாவது என் தாள். அதை நான் தொடவில்லை. எல்லோருக்கும் துப்பாக்கி கொடுத்து வாங்கிவிட்டுக் கடைசியில்தான் நான் சுடுவேன். சுட்டவன் தன் தாளைத் தானே எடுக்கக் கூடாது, அது விதி. மற்றவர்கள் அதற்குள் சாப்பிடப் போயிருப்பார்கள். ஆகவே கிளாஃபிராதான் மண்மேட்டுக்குப் போய் என் தாளை எடுத்து, ஏப்ரனுக்குள் மடித்து வைத்துக்கொண்டு, நேராகப் பான்க்ராத் இல்யிச்சிடம் கொடுப்பாள். முதல் வருஷமே தொண்ணூற்றேழு. பிறகு ஒவ்வொரு வருஷமும் தொண்ணூற்றேழு, ஒன்று கூடியதில்லை, குறைந்ததில்லை. சிறந்த துப்பாக்கிவீரர் பட்டயம் எனக்குக் கொடுத்தார்கள். என் பிராக்கெட்டும் மற்றதைப் போல ஆடத்தான் செய்தது. கண்ணாடி ஆடினால் என்ன, கண் ஆடக் கூடாது. இப்போது மூன்று வருஷமாகச் சிவப்புப் புள்ளி இரண்டாகத் தெரிகிறது. நான் நடுவில் பார்த்துச் சுடுகிறேன்.

இரண்டாவது வருஷத்திலிருந்து ஊசியை யோசித்துப் பயன்படுத்தினேன். மனிதர்களுக்கு ஊக்கம் வேண்டும். கமாண்டருக்கு ஐம்பதாவது பிறந்த நாள் வந்தபோது தொண்ணூற்றிரண்டு கொடுத்தேன். அவர் கண்கலங்கிவிட்டார். அன்றிலிருந்து மற்றவர்களுக்கு மூச்சு பிடிப்பது எப்படி என்று வகுப்பு எடுக்க ஆரம்பித்தார், பிறகு வேட்டைத் துப்பாக்கி வாங்கினார், வாத்து சுடப் போய்த் தன் காரின் ரேடியேட்டரைச் சுட்டுக்கொண்டு வந்தார். என் மீசையைப் பார்த்தால் பூட்ஸ் தேய்க்கிற பிரஷ் ஞாபகம் வருகிறது என்று ரிம்மா ஒரு தடவை எல்லோர் முன்னாலும் சொன்னாள். நான் பழிவாங்குகிற ஆள் இல்லை. அந்த வருஷம் அவளுக்கு அறுபத்தொன்று வந்தது. மதிப்பெண் வரிசைப்படிதான் எங்களுக்கு லீவு, அவளுடையது ஜூலையிலிருந்து நவம்பருக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "போன தடவை கண்ணைத் திறந்துக்கிட்டு சுட்டேன், அறுபத்தொண்ணு. இந்தத் தடவை கண்ணை மூடிக்கிட்டு சுட்டேன், எண்பத்தொண்ணு. அப்போ நான் என்னதான் பண்ணணும், சாவேலி குஸ்மிச்?"

"மரியாதையாப் பேசணும்" என்றேன்.

மறுநாள் என் மேஜையில் ராஸ்பெரி ஜாம் இருந்தது. பிறகு மற்றவர்களும் ஏதாவது கொண்டுவந்தார்கள். நான் யாரையும் கேட்டதில்லை.

இந்த வருஷம் கொஞ்சம் அசந்துவிட்டேன். எல்லோரும் நன்றாக நடந்துகொண்டார்கள், கை தாராளமாகப் போனது. சராசரி தொண்ணூற்றுநாலு. திங்கட்கிழமை காலை தந்தி மாதிரி ஒரு கடிதம். நாட்டின் ரயில்வே காவல் பிரிவுகளிலேயே முதலிடம், சனிக்கிழமை மாஸ்கோவில் போட்டி, பதினாலு பேரும் வர வேண்டும், வியாழன் காலை பஸ் வரும்.

கமாண்டர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். "காகிதமே கிடையாதாம்யா! குண்டு பட்ட உடனே டிவியில நம்பர் வந்துடுமாம்! இனிமே நீ தாளைத் தூக்கிக்கிட்டு ஓட வேணாம்!"

யோசித்தேன். பஸ்ஸில் ஏதாவது செய்யலாம். ஆனால் பஸ் அரசாங்கச் சொத்து, அதில் கைவைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆட்கள் அரசாங்கச் சொத்து இல்லை.

புதன்கிழமை மதியம் ஒக்ரோஷ்கா. ரொட்டியைப் புளிக்கவைத்து எடுத்த க்வாஸ் ஊற்றிய குளிர்ந்த சூப், வெயிலுக்கு அதைவிட நல்லது கிடையாது. வெள்ளரி, முள்ளங்கி, முட்டை எல்லாம் நறுக்கி வைத்துவிட்டு கிளாஃபிரா சோயிக்கீரை பறிக்கத் தோட்டத்துக்குப் போனாள். நான் உள்ளே போய், பொடித்து வைத்திருந்த பேதி மாத்திரையை க்வாஸ் பாத்திரத்தில் போட்டுக் கலக்கினேன். நாற்பது மாத்திரை. ஆளுக்கு மூன்று, எனக்கும் கமாண்டருக்கும் மட்டும் இரண்டிரண்டு என்று கணக்கு. பொதுப் பாத்திரத்தில் அப்படிப் பிரிக்க முடியாது என்பது பிறகுதான் தோன்றியது. நானும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். மற்றவர்களுக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று நான் நடந்ததில்லை. கிளாஃபிரா பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை லேசாக வயிறு கலங்கும், பஸ் காலியாகத் திரும்பும் என்பதுதான் திட்டம். இருபதாவது நிமிஷமே ஆரம்பித்துவிட்டது. எங்கள் சாவடியில் கக்கூஸ் ஒன்றுதான். கமாண்டர் முறையை விட்டுக்கொடுத்துவிட்டு லைலாக் புதருக்குப் பின்னால் போனார், அவரிடம் அந்தப் பெருமை உண்டு. ரிம்மா மட்டும் கதவை உடைக்கிற மாதிரி தட்டிக்கொண்டே, "சாவேலி குஸ்மிச், நான் மரியாதையாத்தானேய்யா பேசினேன்!" என்று அலறினாள்.

அந்த நேரம் பார்த்து நாற்பத்திரண்டு டாங்கர் எண்ணெயோடு சரக்கு ரயில் வந்து பாலத்து முனையில் நின்றது. பச்சைக் கொடி காட்ட ஆளில்லை. டிரைவர் இறங்கி நடந்து வந்து பார்த்திருக்கிறான். கக்கூஸ் சுவரில் பதினாலு துப்பாக்கி சாய்த்து வைத்திருந்தது. எண் வரிசைப்படி வைத்திருந்தது. அந்த நிலைமையிலும் நான்தான் அடுக்கினேன். அவன் பயந்துபோய் உங்களுக்கு போன் செய்துவிட்டான்.

இதுதான் நடந்தது. பெயின்ட் நான், ஊசி நான், மாத்திரை நான். ஊசி இதோ உங்கள் மேஜையில் இருக்கிறது. கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன், அவளை அனுப்பிவிடுங்கள்.

என்ன, எண்பதா? டாக்டர் எண்பது மாத்திரை என்கிறாரா? டாக்டர்கள் எதையும் பெரிதாகத்தான் சொல்வார்கள். நான் எண்ணிப் போட்டது நாற்பது.

அவளும் வாக்குமூலம் கொடுத்துவிட்டாளா? சோயிக்கீரையோடு திரும்பி வந்து, அவளும் நாற்பது போட்டேன் என்கிறாளா? மாஸ்கோவில் டிவிக்கு முன்னால் என் மானம் போய்விடும் என்று செய்தாளாமா? நம்பாதீர்கள், ஐயா. என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். இருபத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன், எனக்காக என்றால் கண்ணை இமைக்காமல் பொய் சொல்வாள்.

அந்தக் கவரில் என்ன? ஆமாம், இது அவளுடைய ஊசிதான், ஜோடியில் மற்றது. மாவு டப்பாவில் இருந்ததா? இருக்கட்டுமே. ஒன்று என்னிடம் இருந்தால் இன்னொன்று அவளிடம் இருக்கத்தானே செய்யும். ஒற்றை ஊசியால் எதையும் பின்ன முடியாது என்பது எனக்கும் தெரியும். ஒன்பது வருஷமாக அதை எதற்குப் பத்திரப்படுத்தினாள் என்று எனக்கெப்படித் தெரியும்.

நுனி கறுப்பாக இருக்கிறது. பார்த்தேன். பூட் பாலிஷ் மாதிரிதான் இருக்கிறது.

மாவு டப்பாவில் பூட் பாலிஷ் எப்படி வரும் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. சமையலறை என்றால் எதெதுவோ எதெதிலோ படும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், டீ வைக்க இடமில்லை.

எல்லாவற்றையும் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரே ஒரு வரி மட்டும், அடித்தல் திருத்தல் இல்லாமல்: ஓபுகோவின் தொண்ணூற்றேழு நிஜம். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தத் தாளை நான் தொட்டதில்லை, அவள் கையால்தான் வந்தது. சந்தேகம் இருந்தால் அடுத்த அறைக்குப் போய் அவளையே கேளுங்கள். என் கிளாஃபிரா பொய் சொல்ல மாட்டாள்.